8.75 என்று பேசிய வட்டி 9.29 ஆன கதை: ஒரு வீட்டுக் கடன் சேவையைப் பற்றிய மதிப்புரை

திருச்சியில் 55 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீட்டை வாங்குவதற்காக, நானும் என் கணவரும் 2024 டிசம்பரில் ஒரு தனியார் வீட்டுவசதி நிதி நிறுவனத்திடம் 40 லட்சம் ரூபாய் கடன் பெற்றோம். இருபது ஆண்டுத் தவணை, மாறும் வட்டி. ஓராண்டுக்கு மேல் தவணை கட்டிய பிறகு அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றி எழுதும் மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. எங்களிடம் கேட்கப்பட்ட கட்டணங்கள் வெவ்வேறு பெயர்களில் பல இடங்களிலும் கேட்கப்படுகின்றன என்பதால், பெயரைவிடக் கட்டணங்களைத் தெரிந்துகொள்வதே கடன் வாங்கப் போகிறவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், அதன் முகவர். வட்டி 8.75 சதவீதம், மாதத் தவணை 35,348 ரூபாய், ப்ராசஸிங் கட்டணம் பண்டிகைச் சலுகையில் பாதி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தவணைக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தாளில் நிறுவனத்தின் முத்திரையோ கையொப்பமோ இல்லை. முகவர் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பதையும், மதிப்புள்ள தாள் வேறொன்று என்பதையும் அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அந்த வேறொரு தாளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 15 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கப்படும் எல்லாத் தனிநபர் தவணைக் கடன்களுக்கும், வங்கியானாலும் வீட்டுவசதி நிதி நிறுவனமானாலும், கையெழுத்துக்கு முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் பெறுபவரிடம் தர வேண்டும். வங்கிக்காரர்கள் இதைக் கே.எஃப்.எஸ். என்கிறார்கள். கடன் தொகை, வட்டி, நிறுவனம் தனக்காக வசூலிக்கும் கட்டணங்கள், காப்பீட்டு நிறுவனம், வழக்கறிஞர் போன்ற மூன்றாம் தரப்பினருக்காக வசூலிக்கும் கட்டணங்கள் ஆகிய எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். இவை அனைத்தையும் வட்டியோடு சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத வீதம், அதாவது ஏ.பி.ஆர்., அதில் இருக்க வேண்டும். அறிக்கையில் குறிப்பிடப்படாத எந்தக் கட்டணத்தையும் கடன் பெறுபவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பின்னர் வசூலிக்கக் கூடாது. ஏழு நாளும் அதற்கு மேலும் தவணைக்காலம் உள்ள கடன்களில், அறிக்கையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள்கள் தர வேண்டும் என்பதும் விதி.

எங்களுக்கு அந்த அறிக்கை, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கிளைக்கு வரச் சொன்ன நாளில், மற்ற படிவங்களோடு படிவமாக மேசைமேல் வைக்கப்பட்டது. கையெழுத்திட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது. ஏறத்தாழ நாற்பது குறிகள் இருக்கும். அதிகாரி பக்கங்களை வேகமாகப் புரட்டிக் குறியை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். நான்காவது தாளில் என் கண்ணில் பட்டது 9.29 என்ற எண். அதுதான் கே.எஃப்.எஸ். பேசியது 8.75 அல்லவா, இது என்ன எண் என்று கேட்டேன். “அது ஒரு கணக்குக்காகப் போடுவது மேடம், உங்கள் வட்டி 8.75தான்” என்றார். கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றோம். அவர் அதை விரும்பவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அறிக்கை இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது என்று என் கணவர் எடுத்துச் சொன்னதால், இரண்டு நாள் கழித்துத் தமிழ்ப் படியும் கிடைத்தது.

8.75க்கும் 9.29க்கும் இடையே இருந்தவை இவை: ப்ராசஸிங் கட்டணம் 20,000 ரூபாயும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 23,600 ரூபாய். சட்டக் கருத்துக்கும் வீட்டின் மதிப்பீட்டுக்கும் வரியோடு 8,850 ரூபாய். கடன் காப்பீட்டுக்கான ஒற்றைப் பிரீமியம் 1,24,000 ரூபாய். முதல் இரண்டை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். மூன்றாவதைப் பற்றி முகவரும் சொல்லவில்லை, அதிகாரியும் சொல்லவில்லை. கடன் தொகை இருந்த கட்டத்தில் 40 லட்சத்துக்குப் பதிலாக 41,24,000 என்று அச்சாகியிருந்தது. காப்பீட்டுப் பணத்தை எங்கள் கையிலிருந்து கேட்காமல் கடனோடு சேர்த்திருந்ததால், தவணை 36,444 ரூபாயாக உயர்ந்திருந்தது. மாதம் 1,096 ரூபாய் கூடுதல் என்பது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 240 மாதங்களுக்குக் கணக்கிட்டால், 1,24,000 ரூபாய்ப் பிரீமியத்துக்காக நாங்கள் கட்டியிருக்கக்கூடிய மொத்தத் தொகை 2,63,000 ரூபாயை நெருங்குகிறது.

தொகையைவிட என்னை வருத்தியது அந்தக் காப்பீட்டின் உள்ளடக்கம். இருபது ஆண்டுக் கடனுக்கு அது பத்தாண்டுப் பாதுகாப்பு மட்டுமே தந்தது. பாதுகாப்புத் தொகையும் கடன் பாக்கியோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். கடன் பாக்கி இன்னும் பெருமளவு இருக்கும் பதினோராவது ஆண்டில் பாதுகாப்பு முடிந்திருக்கும். ஆனால் அதற்கான பிரீமியத்தை வட்டியோடு இருபதாவது ஆண்டு வரை கட்டிக்கொண்டிருப்போம். பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் வாங்குகிற குடும்பத்தில் சம்பாதிப்பவருக்கு ஆயுள் காப்பீடு கட்டாயம் இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். எங்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் டேர்ம் பாலிசிகள் இருந்தன. அப்படி இல்லாதவர்களும் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கடன் தொகையைப் பெருக்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் மேலிடத்தில் அனுமதி கிடைக்கும் என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் அதை உங்கள் நிறுவனத்தின் தாளில் எழுதிக் கொடுங்கள், சார் என்று கேட்டோம். எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் மாலை, காப்பீடு நீக்கப்பட்ட புதிய அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அதில் கடன் தொகை 40 லட்சம், தவணை 35,348, ஏ.பி.ஆர். 8.86. ஒரு கேள்வியை எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டதனால் மட்டுமே இது நடந்தது என்பதை இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாகப் பதிவு செய்கிறேன். கேட்கத் தெரியாத ஒரு குடும்பம் அதே மேசையில் அதே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும். அப்படிப் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு: பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைத் திருப்பித் தரும் உரிமையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் தருகின்றன. ஆகவே பாலிசி ஆவணம் வந்துசேர்ந்த தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது முக்கியம்.

ப்ராசஸிங் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் 5,900 ரூபாயை விண்ணப்பத்தின்போதே லாகின் கட்டணமாக வாங்கிக்கொண்டார்கள்; கடன் கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. வீட்டின் பத்திரங்களில் குறை இருந்து கடன் மறுக்கப்பட்டால் அந்தப் பணமும் போய்விடும் என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன்பே மூலப் பத்திரங்களையும், வில்லங்கச் சான்றையும், பட்டாவையும் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டியிருந்தோம். அவர் சுட்டிக்காட்டிய ஒரு வாரிசுச் சான்றிதழை விற்பவரிடம் முன்கூட்டியே வாங்கிவைத்தோம். நிறுவனத்தின் வழக்கறிஞர் பின்னர் அதையேதான் கேட்டார். நிறுவனம் பெறும் சட்டக் கருத்தின் நகலை, அதற்கான கட்டணத்தை நாம் கட்டியிருந்தபோதும், எங்களுக்குத் தரவில்லை. இதுவும் எனக்குக் குறையாகவே பட்டது.

இனி, அறிக்கையில் இடம்பெறாத செலவுகள். மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் கிடைக்கும் என்ற பேச்சை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் உச்ச வரம்பு. பெரும்பாலான கடன்களில் இந்தச் சொத்து மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கள் வீட்டுக்கு அது 4,95,000 ரூபாய். விலையில் கடன் போக மீதி 15 லட்சம் இருந்தால் போதும் என்று தொடங்கிய நாங்கள், கையிலிருந்து எடுக்க வேண்டியிருந்த தொகை கடைசியில் 20,50,000 ரூபாயைத் தாண்டியது. ஐந்து லட்சத்தை அவசரத்துக்குக் கைமாற்றாகவோ நகைக் கடனாகவோ புரட்டுகிறவர்களுக்கு, அந்த வட்டியும் வீட்டுக் கடனின் மறைமுகச் செலவுதான். எங்களுக்கு என் மாமனார் உதவினார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டின் விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவருடையது. எங்களுக்கு அது 55,000 ரூபாய். விற்பவரின் பணத்திலிருந்து போவதுதான் என்றாலும், கட்ட மறந்தால் வட்டியும் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் நம்மிடம்தான் கேட்கப்படும். நிறுவனத்தில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரம் எழுதியவர்தான் நினைவூட்டினார்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய அடுத்த செலவு எம்.ஓ.டி. எனப்படும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரம். வீட்டின் மூலப் பத்திரங்களைக் கடன் தந்தவரிடம் ஒப்படைத்ததற்கான இந்தப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கடனுக்குத் தொகையில் அரை சதவீதமான 20,000 ரூபாய் முத்திரைத் தீர்வையாகவும், 6,000 ரூபாய் பதிவுக் கட்டணமாகவும் போயின. இந்த 26,000 ரூபாய் எங்கள் கே.எஃப்.எஸ்.ஸில் இல்லை, அரசுக்கு நேரடியாகச் செல்லும் பணம் என்பதால் சேர்க்கவில்லை என்றார்கள். அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பதிவை முடித்துத் தருவதாக நிறுவனம் அனுப்பிய நபர், எல்லாச் செலவும் சேர்த்து 31,000 ரூபாய் என்று மொத்தமாகக் கேட்டார். ரசீதுப்படி தருகிறோம் அண்ணா, எது எதற்கு எவ்வளவு என்று சொல்லுங்கள் என்று கேட்டபோது, எழுத்துக் கூலி, போக்குவரத்து, அலுவலகச் செலவு என்று வாயால் அடுக்கினார். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் நாங்களே கட்டினோம். பத்திரம் தயாரித்ததற்கு மட்டும் அவருக்குத் தனியாகப் பணம் தந்தோம்.

பதிவு நாளன்று நடந்தது இதைவிட நுட்பமானது. விற்பவர் பெயரிலான வங்கிக் காசோலையை நிறுவனம் டிசம்பர் 9 தேதியிட்டுத் தயாரித்துவிட்டது. பதிவுக்கான டோக்கன் எங்களுக்குக் கிடைத்ததோ 17ஆம் தேதிக்கு. நிறுவன ஊழியர் காசோலையை எடுத்துவந்து, பத்திரத்தில் கையெழுத்தான பிறகு விற்பவரின் கையில் கொடுத்தார். ஜனவரியில் கடன் கணக்கின் விவரத்தைப் பதிவிறக்கிப் பார்த்தபோது வட்டி 9ஆம் தேதியிலிருந்து போடப்பட்டிருந்தது. 40 லட்சத்துக்கு 8.75 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 959 ரூபாய். எட்டு நாள்களுக்கு 7,671 ரூபாய். அந்த எட்டு நாளும் அந்தப் பணம் நிறுவனத்தின் பெட்டியில்தான் இருந்தது. காசோலை தேதியிலிருந்தும், கடன் அனுமதித்த தேதியிலிருந்தும் வட்டி போடும் இந்த வழக்கத்தை ரிசர்வ் வங்கி தன் ஆய்வுகளில் கண்டறிந்து, 2024 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் கண்டித்திருக்கிறது. கூடுதலாகப் பெற்ற வட்டியைத் திருப்பித் தருமாறு ஆய்வின்போது அறிவுறுத்தியதையும் அதில் சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்று வாரத்தில் 7,671 ரூபாய் எங்கள் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை என்றாலும், பணம் வந்தது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும்.

சிறு கட்டணங்களை விரைவாகக் கடந்துவிடலாம். தவணை திரும்பினால் ஒரு கட்டணம், பத்திரங்களின் நகல் கேட்டால் ஒரு கட்டணம், கணக்கை முடிக்கும் கடிதத்துக்கு ஒரு கட்டணம் என்று எங்கள் அறிக்கையின் பின்பகுதியில் ஒரு பட்டியல் இருந்தது. இவை நடந்தால்தான் வரும் என்பதால் ஏ.பி.ஆர். கணக்கில் சேராது. தாமதத்துக்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து, வட்டிக்கு வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் நிறுத்திவிட்டது.

இருபது ஆண்டுக் கடனில் மிகப் பெரிய மறைமுகச் செலவு இந்தக் கட்டணங்கள் எதுவும் அல்ல. வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். இதை நாங்கள் கடன் வாங்கும் நேரத்தில் போதிய கவனத்தோடு கேட்கவில்லை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்பட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவை தாங்களே வகுத்துக்கொள்ளும் அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். அதை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

இதன் பொருள் 2025இல் எங்களுக்கு விளங்கியது. பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி 6.25 ஆக்கியது; ஏப்ரலில் 6; ஜூனில் 5.5, டிசம்பரில் 5.25. என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவர் எங்களுக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பொதுத்துறை வங்கியில் 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். அவருடைய வட்டி யாரிடமும் கேட்காமலேயே படிப்படியாக 7.25க்கு வந்துவிட்டது. எங்களுடையது 8.75இலிருந்து 8.35க்கு மட்டும் வந்திருந்தது. கடன் வாங்கிய நாளில் எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு கால் சதவீதம். 40 லட்சம் ரூபாய்க்கு இருபது ஆண்டில் அந்தக் கால் சதவீதமே ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஓராண்டில் அது 1.10 சதவீதமாகிவிட்டது. கே.எஃப்.எஸ்.ஸில் இது தெரியவே தெரியாது. அதில் அளவுகோலின் பெயர் ஒரு கட்டத்தில் இருந்தது. நாங்கள் எண்களைப் பார்த்தோமே தவிர அந்தப் பெயரைப் பார்த்து யோசிக்கவில்லை.

வட்டி ஏறும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். என் அண்ணன் 2021 தொடக்கத்தில் வேறோர் இடத்தில் 6.75 சதவீதத்துக்கு 25 லட்சம் ரூபாய் வாங்கினார். தவணை 19,009 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு உயர்ந்தது. அவருடைய வட்டி 9.25 ஆனது. தவணை மட்டும் மாறாமல் அப்படியே பிடிக்கப்பட்டதால் அவர் கவலைப்படவில்லை. கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்த நாளில்தான், தவணையில் வட்டி போக அசலுக்குப் போவது சில நூறு ரூபாய் மட்டுமே என்பதும், தவணைக்காலம் அவருடைய ஓய்வு வயதைத் தாண்டி நீண்டுவிட்டதும் தெரிந்தது. 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா, ஒரு பகுதி அசலைக் கட்டுவதா என்று கடன் பெற்றவரைக் கேட்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. தவணை மாறவில்லை என்ற குறுஞ்செய்தி வந்தால், மீதமுள்ள மாதங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பது நல்லது.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். புதிய வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் 7.85 என்று விளம்பரம் செய்கிறீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் 8.35 என்று கிளையில் கேட்டோம். கடன் பாக்கியில் அரை சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் கன்வெர்ஷன் கட்டணமாகக் கட்டினால் அந்த வட்டிக்கு மாறலாம் என்றார்கள். பாக்கி அப்போது 39,20,000 ரூபாய் அளவில் இருந்ததால், கட்டணம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வரும். ஓராண்டாக ஒரு நாளும் தவறாமல் தவணை கட்டியவரிடம், நேற்று வந்தவருக்குத் தரும் வட்டியைப் பெறுவதற்கே கட்டணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், அந்தக் கட்டணத்தைக் கட்டினாலும் அடிப்படை வட்டி நிறுவனத்தின் கையிலேயே இருக்கும். அடுத்த ஆண்டு இதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டிவரும்.

ஆகவே கடனை ஒரு பொதுத்துறை வங்கிக்கு மாற்றும் வழியைப் பார்த்தோம். மாறும் வட்டியில் தனிநபர் பெறும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்குக் கட்டணம் வசூலிக்க முடியாது என்பதால், பழைய நிறுவனத்தில் அபராதம் இல்லை. இந்த இடத்தில் நாங்கள் தப்பித்ததைச் சொல்ல வேண்டும். கடன் வாங்கும்போது, முதல் மூன்றாண்டுகள் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்ற திட்டத்தை அதிகாரி மிகவும் வற்புறுத்தினார். அதை எடுத்திருந்தால், நிலையான வட்டி நடக்கும் காலத்தில் கடனை அடைக்க நிறுவனம் கட்டணம் கேட்டிருக்கலாம். வட்டி இறங்கிக்கொண்டிருந்த ஓராண்டு முழுதும் நாங்கள் அங்கேயே கட்டுண்டு கிடந்திருப்போம்.

ஆனால் மாற்றுவதும் இலவசம் அன்று. புதிய வங்கியின் கடனுக்கு எம்.ஓ.டி.யை மறுபடி பதிவு செய்ய வேண்டும்: அதற்கு 25,600 ரூபாய். ப்ராசஸிங், சட்டக் கருத்து, மதிப்பீடு எல்லாம் சேர்த்துப் புதிய வங்கி கேட்டது 14,000 ரூபாய். பழைய கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யும் செலவு தனி. மொத்தம் 40,000 ரூபாயைத் தாண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில், 8.35இலிருந்து 7.5க்கு இறங்குவதால் முதல் ஆண்டில் மட்டும் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 33,000 ரூபாய். ஒன்றே கால் ஆண்டுக்குள் செலவு திரும்பிவிடும். கடனுக்கு இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கின்றன. வட்டி வேறுபாடு கால் சதவீதமாக இருந்திருந்தாலோ, கடனில் சில ஆண்டுகளே மீதி இருந்திருந்தாலோ, இந்தக் கணக்கு எங்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கும். முகவர்கள் வட்டி வேறுபாட்டை மட்டும் காட்டி மாறச் சொல்வார்கள், தமிழ்நாட்டில் எம்.ஓ.டி. செலவைச் சேர்க்காத எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

புதிய வங்கியின் அறிக்கை, நாங்கள் கேட்காமலேயே, ஒப்பந்தத்துக்கு ஐந்து நாள் முன்பே கைக்கு வந்தது. வட்டி 7.50, ஏ.பி.ஆர். 7.55. காப்பீட்டுக் கட்டத்தில் ஒன்றுமில்லை. கிளை மேலாளர் ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். எங்களிடம் பாலிசி இருக்கிறது என்றதும் அதோடு விட்டுவிட்டார். வேகத்தில் மட்டும் பொதுத்துறை வங்கி பின்தங்குகிறது. தனியார் நிறுவனம் பன்னிரண்டு நாளில் முடித்த அனுமதிக்கு இங்கே ஐந்து வாரம் ஆயிற்று. நான்கு முறை நேரில் செல்ல வேண்டியிருந்தது. பதிவுத் தேதி நெருங்கிவிட்டவர்களுக்குத் தனியார் நிறுவனத்தின் அந்த வேகம் பெரிய உதவி என்பதையும், எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஆவணங்களைப் பெற்றுச் சென்றார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

அந்த நிறுவனத்தின் சேவைக்கு நான் ஐந்துக்கு இரண்டு தருகிறேன். வேகத்துக்கு ஒன்று, கேள்வி கேட்டபோது காப்பீட்டை நீக்கி, வட்டியைத் திருப்பித் தந்ததற்கு ஒன்று. காப்பீட்டைச் சொல்லாமல் சேர்த்ததும், ரசீதில்லாமல் பணம் கேட்டதும், வட்டிக் குறைப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டதும் மீதி மூன்றைக் குறைத்தன. முக்கிய விவர அறிக்கைக்கு, ஒரு சேவையாக அதையும் மதிப்பிடலாம் என்றால், ஐந்துக்கு நான்கு. அந்த ஒற்றைத் தாள் எங்களுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாயைக் காப்பாற்றியது. எம்.ஓ.டி. செலவும் அதில் இடம்பெற்று, அடிப்படை வட்டி கடந்த சில ஆண்டுகளில் ரெப்போவோடு எப்படி நகர்ந்தது என்பதையும் காட்டியிருந்தால் முழு மதிப்பெண்ணும் தந்திருப்பேன்.

முறையீடு செய்ய வேண்டியவர்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் மேலே செல்லலாம். வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் இணையதளத்திலும் புகார் செய்யலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பழைய கடன் சென்ற வாரம் அடைக்கப்பட்டது. அடைத்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்கள் அனைத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும்; அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலில் நிறுவனம் முத்திரையிட்டுத் தந்த படியை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். பத்திரங்கள் புதிய வங்கிக்கு வந்ததும் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம். கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்வோம். பிறகு புதிய வில்லங்கச் சான்று எடுத்து, பழைய நிறுவனத்தின் ஒப்படைப்பு நீங்கிவிட்ட பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம்.